மொறிஸ் மைனருக்கு முற்றத்தில் கிளச் மாற்றுவது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும், வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டுவிட்டு, இருக்கிற பழசையே திருத்தி ஓடுவோம் என்று திரும்பியவர்களைத்தான் எங்கள் பக்கம் அதிகம் காண்கிறேன். பழைய வாகனத்தில் கையைக் கடிக்கும் வேலைகளில் ஒன்று கிளச். மாற்றவேண்டிய பாகங்கள் மூன்று நான்குதான். ஆனால் அவற்றைத் தொடுவதற்கே எஞ்சினையும் கியர் பெட்டியையும் பிரிக்கவேண்டும். கராஜில் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்தக் கழற்றிப் பூட்டும் கூலி.

இதை வீட்டில் செய்யலாமா? சில வாகனங்களில் செய்யலாம். நான் இங்கே எழுதுவது மொறிஸ் மைனர் 1000 பற்றி. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மைனர் வரிசையைச் சேர்ந்த இந்தக் காரை யாழ்ப்பாணத்தாருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1990க்குப் பிந்தைய பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியவை இந்த மைனர்களும் ஒஸ்ரின்களும்தான். நோயாளியை ஏற்றின, மணப்பெண்ணை ஏற்றின, இடம்பெயர்ந்தவர்களின் பானை சட்டியையும் ஏற்றின.

வடமராட்சியில் தன் வளவுக்குள் இந்தக் கார்களைத் திருத்தும் ஒருவரிடம்தான் நான் இந்த வேலையை முழுதாகப் பார்த்தேன். அவரது இடது கால், முழங்காலுக்குக் கீழே, கண்ணிவெடியில் போனது. செயற்கைக் காலோடு காரின் அடியில் புகுந்து புரள்வது அவருக்கு இயலாது. மைனரில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. முன் ஆசனங்களையும் விரிப்பையும் எடுத்துவிட்டால், கியர் பெட்டியின் மேல் திருகாணிகளால் பூட்டிய ஒரு தகட்டு மூடி தெரியும். அதைக் கழற்றினால் வேலையின் பாதியைக் காருக்குள் இருந்தபடியே மேலிருந்து செய்யலாம். மீதிப் பாதிக்கு மகன் இருக்கிறார். இரண்டு பேரின் சீவியமும் அந்த வளவில்தான்.

"தம்பி, கழட்டுறதுக்கு முதல் பெடலைப் பாரும். பிளேற் தேஞ்சிட்டுது எண்டு சொல்லித்தான் எல்லாரும் வருவினம். சிலருக்கு நட்டை ரெண்டு சுத்துச் சுத்தினாச் சரிவந்திடும்," என்கிறார். பெடலை அழுத்தும்போது ஆரம்பத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வெறும் அசைவு இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால், கால் வைக்காமலே கிளச் பாதி அழுத்தப்பட்டதுபோல நிற்கும். நல்ல பிளேற்றும் வழுக்கும். அசைவு சரியாக இருந்தும், ஏற்றத்தில் எஞ்சின் இரைய கார் வேகம் எடுக்காமல், கருகிய மணமும் வந்தால் பிளேற்றைச் சந்தேகிக்கலாம். உறுதிப்படுத்த, முன்னால் ஒருவரும் இல்லாத இடத்தில் கைப்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் போட்டு, பெடலை மெதுவாக விடுங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் கிளச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. கார் புறப்படும்போது உதறினால் பிளேற்றைக் குறைசொல்ல முன்னர் எஞ்சினைத் தாங்கும் றப்பர்களைப் பாருங்கள்.

இனிச் சொல்வதை மற்ற எதையும்விடக் கவனமாக வாசியுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகக்கூடாது. எங்கள் முற்றங்கள் மணல். நேரே நிற்பதுபோல் இருக்கும் ஜக் அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் புதையும். அடியில் தடித்த பலகை போட்டு, இரும்புத் தாங்கிகளில் காரை இறக்கி, தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மதில் கட்டும் சீமெந்துக் கல்லை அடுக்கிக் காரை நிறுத்துகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. பாரத்தில் அந்தக் கல் எச்சரிக்கை தராமல் நொறுங்கும். பனங்குற்றியின் தடித்த துண்டுகூட அதைவிட நல்லது.

கழற்றும் ஒழுங்கு சிக்கலானது அல்ல. முதலில் பற்றரி வயரை எடுக்கவேண்டும். கியர் ஒயிலை வடிக்கவேண்டும், இல்லாவிட்டால் பின் அச்சுக்குப் போகும் தண்டை இழுத்ததும் முற்றமெல்லாம் ஒயில். தண்டின் பின் இணைப்பில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டால் அதே நிலையில் திரும்பப் பூட்டலாம். கியர் தடி, வேகமானி வயர், கிளச் இணைப்புக் கம்பி, ஸ்ராட்டர் மோட்டார் எல்லாம் பிரிந்தபின், எஞ்சினின் அடியில் பலகை வைத்து முட்டுக் கொடுத்து, கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை எடுக்கிறார்கள். பிறகுதான் எஞ்சினோடு பிணைக்கும் போல்ட்கள். பெட்டியை நேராகப் பின்னுக்கு இழுக்கவேண்டும். அதன் பாரம் ஒரு கணமும் முன் தண்டில் தொங்கக்கூடாது. தொங்கினால் பிளேற்றின் நடுப்பகுதி வளையும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். பலம் உள்ளவரும் தனியே செய்யவேண்டாம்.

கியர் பெட்டி வந்ததும் உள்ளே கரிய தூசி இருக்கும். அதை ஊதாதீர்கள். பழைய கிளச் பிளேற்களில் அஸ்பெஸ்ரஸ் சேர்த்திருந்தார்கள். அது நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள். தடைக் காலத்தில் லொறியின் பிரேக் பட்டியை வெட்டி, தேய்ந்த பிளேற்றில் ஆணியடித்து ஓட்டிய கதையை அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தத் தூசி எவ்வளவை விழுங்கியிருப்பார் என்றுதான் எனக்கு ஓடியது.

பிரஷர் பிளேற்றின் ஆறு போல்ட்களையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும். பிளைவீலில் வெடிப்போ ஆழமான கீறலோ இருந்தால் லேத்துக்குப் போகவேண்டும். பிளேற் ஒயிலில் நனைந்திருந்தால், கசிவு எஞ்சின் பக்கமா கியர் பக்கமா என்று கண்டுபிடிக்காமல் புதியதைப் பூட்டுவது காசை எறிவதற்குச் சமம். உதிரிப்பாகம் வாங்கும்போது பழைய பிளேற்றையும் கையோடு கொண்டுபோங்கள். 948 சிசி எஞ்சினுக்கு ஆறேகால் அங்குலம், 1962இல் வந்த 1098 சிசிக்கு ஏழேகால் அங்குலம். எங்கள் கார்கள் பலவற்றில் எஞ்சின் மாறியிருப்பதால் ஆண்டை மட்டும் பார்த்து வாங்க முடியாது.

புதிய பிளேற்றைப் பூட்டும்போது நடுவில் நீட்டியிருக்கும் பக்கம் கியர் பெட்டியை நோக்கவேண்டும். அது பிளைவீலின் சரி நடுவில் நிற்கவும் வேண்டும். அரை மில்லிமீற்றர் விலகினாலும் கியர் பெட்டி உள்ளே போக மறுக்கும். இதற்குப் பழைய கியர் தண்டு ஒன்றை வைத்திருக்கிறார். அது இல்லாதவர்கள் உருண்டைத் தடியில் ரேப் சுற்றி அளவாக்கலாம்.

கடைசியில் பெடல். கிளச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைப் பாதம்தான் உணரும். அவரது இடது பாதம் அதைச் சொல்லாது. மகன் அழுத்தி விட, அவர் பக்கத்தில் குனிந்து எஞ்சின் சத்தம் இறங்கும் கணத்தைக் கேட்டு நட்டைத் திருப்புகிறார். சில நூறு கிலோமீற்றர் ஓடிப் புதிய பிளேற் படிந்ததும் அந்த வெறும் அசைவை மீண்டும் அளக்கவேண்டும். மைனரின் கிளச்சைத் தள்ளுவது உருளைகள் கொண்ட பெயாரிங் அல்ல, ஒரு கரி வளையம். ஓடும்போது பெடலில் காலை ஊன்றி வைத்திருப்பவர்களுக்கு அது சீக்கிரம் தேயும். தேய்ந்தால் கியர் பெட்டியை மறுபடியும் இறக்கவேண்டும்.