பாலியல் தொழிலாளி

பணம் பெற்றுப் பாலுறவுச் சேவை அளிக்கும் வயதுவந்தவர். பால் + இயல், தொழில் + ஆளி எனப் பிரியும். ‘sex worker’ என்ற ஆங்கிலத் தொடரின் தமிழாக்கம். மூலத் தொடரை 1970களின் இறுதியில் உருவாக்கியவர் அமெரிக்கச் செயற்பாட்டாளர் கேரல் லீ. வேசி, விலைமகள் போன்ற பழைய சொற்கள் பெண்ணின் ஒழுக்கத்தைப் பழித்தன. இச்சொல் அவர் செய்யும் வேலையைச் சுட்டுகிறது.

இச்சொல் பற்றிப் பெண்ணியர் ஒருமித்தவர் அல்லர். உழைப்பாக ஏற்றால்தான் பாதுகாப்பும் உரிமையும் கோர முடியும் என்பது ஒரு தரப்பு. நியூசிலாந்து 2003இல் பாலியல் தொழிலைக் குற்றமற்றதாக்கியது. மாறாக, வறுமையும் ஆணாதிக்கமும் திணிக்கும் சுரண்டலைத் ‘தொழில்’ என்பது மறைக்கிறது என்பர் பெண்ணியச் சட்ட அறிஞர் கேத்தரின் மெக்கின்னன் போன்றோர். சுவீடனின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் விற்பவரை விட்டு வாங்குபவரைத் தண்டிக்கிறது.

கடத்தப்பட்டோரையும் சிறாரையும் இச்சொல்லால் குறிப்பது தவறு.