கால்களைத் துறந்த நாற்காலி

வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஆளுயரத்தைத் தாண்டிய நிலைக் கடிகாரம் ஒன்று உண்டு. அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்திக் கயிற்றால் கட்டியிருப்பதுபோல் தெரியும். துணியை விலக்க முடியாது. மடிப்பும் சுருக்கமும் கயிறும் மரத்திலேயே செதுக்கியவை. ஹோண்டுராஸ் மகாகனியை இழைத்து, துணியாகத் தோன்ற வேண்டிய பகுதியை மட்டும் வெளுக்க வைத்து, 1985-இல் வெண்டல் காஸில் இதைச் செய்தார். அவருடைய 13 கடிகாரங்கள் கொண்ட வரிசையில் கடைசியான இந்தப் ‘பேய்க் கடிகார’த்துக்குள் மட்டும் இயந்திரம் இல்லை.

காஸில் 1932-இல் கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் பிறந்தார். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதலில் தொழில்துறை வடிவமைப்பும், பிறகு சிற்பமும் படித்தார். மரச்சாமானையே சிற்பமாக நினைத்துச் செய்த வார்ட்டன் எஷெரிக்கின் வேலைகள் அவருக்குத் துணிவு தந்தன. 1962-இல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் ஆசிரியரானார்.

ஒல்லிக் கால்களும் நேர்த்தியான மூட்டுகளும் கொண்ட ஸ்காண்டிநேவிய நாற்காலிகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. தச்சுவேலை என்றால் பலகையை அறுத்து, துளையடித்து, பொருத்துவது. அந்த இலக்கணத்தில் உருண்டு திரண்ட உடலுக்கு இடமில்லை. முழு மரத்தைக் குடைந்தாலோ, காயும்போது வெடித்துவிடும். காஸிலுக்கு வழிகாட்டியது, சிறுவயதில் பார்த்த ஒரு புத்தகம். வேட்டைக்காரர்கள் நீரில் மிதக்கவிடும் பொய்வாத்தைப் பலகைகளை ஒட்டிச் செய்யும் முறை அதில் இருந்தது.

அதையே அவர் பெரிதாக்கினார். மெல்லிய பலகைகளை வடிவத்துக்கேற்ப வளைவாக அறுத்து, பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கினார். படிப்படியாக எழுந்த அடுக்கைச் சங்கிலி வாளால் சீவி, உளியால் செதுக்கி, வழவழப்பாகத் தேய்த்தார். அளவுக்கு இனி எல்லையில்லை. மரமும் அதிகம் வீணாகாது. பலகைகள் சந்திக்கும் இடங்கள், நிலப்படத்தின் உயரக்கோடுகளைப்போல வளைவுகளைச் சுற்றி ஓடின. இருக்கையும் முதுகும் அடித்தளமும் ஒரே உடலாயின. நாற்காலிக்குக் கால்களே தேவைப்படவில்லை. மரவேலைக்கு அவர் அளித்த பெருங்கொடை இந்த விடுதலைதான்.

1969-இல் கடைவாய்ப்பல் வடிவ நாற்காலிகளைக் கண்ணாடியிழையில் வார்த்தார். ஸ்டைன்வே நிறுவனத்தின் 5,00,000-ஆவது பியானோவுக்கு 1980-களில் உடல் வடித்ததும் அவரே. எண்பது வயதை எட்டியபோது, அவருடைய ஸ்காட்ஸ்வில் பட்டறையில் ராட்சத ரோபோ கை ஒன்று சேர்ந்துகொண்டது. சிறு மாதிரியை அவர் கையால் செதுக்குவார். கணினி அதை ஸ்கேன் செய்யும். ரோபோ மரத்தைக் கடையும். இதைக் கைவினைக்குத் துரோகம் என்று சொல்வது நியாயமில்லை. சங்கிலி வாளைத் தச்சுப் பட்டறைக்குள் கொண்டுவந்தவருக்கு இது அடுத்த கருவி, அவ்வளவே. நியூயார்க்கின் கலை, வடிவமைப்பு அருங்காட்சியகம் 2015-இல் அவருடைய தொடக்ககால அடுக்கு வேலைகளை ரோபோ கடைந்த புதியவற்றுடன் சேர்த்தே காட்சிக்கு வைத்தது. 2018 ஜனவரியில், 85 வயதில் காஸில் காலமானார்.