பெருமூளை அரைக்கோள நீக்கம்

பெருமூளை அரைக்கோள நீக்கம் என்பது பெருமூளையின் இரு அரைக்கோளங்களுள் ஒன்றை அகற்றும், அல்லது அதனை மூளையின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கும் அறுவை சிகிச்சை ஆகும். மருந்துகளுக்குக் கட்டுப்படாததும் ஒரே அரைக்கோளத்தில் தோன்றுவதுமான கடுமையான கால்-கை வலிப்பு உடைய குழந்தைகளுக்கே இது பெரும்பாலும் செய்யப்படுகிறது. மூளைக் கட்டிக்கான சிகிச்சையாக மனிதரில் தொடங்கிய இம்முறை, அந்நோக்கத்தில் வெற்றி பெறாமல், பின்னர் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக நிலைபெற்றது.

பின்னணி

பெருமூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் இயக்குகின்றன. பெரும்பாலோருக்கு மொழித்திறன் இடப்பாதியைச் சார்ந்துள்ளது. இரு பாதிகளையும் கார்ப்பஸ் கலோசம் எனப்படும் தடித்த நரம்பிழைக் கட்டு இணைக்கிறது. ஒரு பாதியில் எழும் வலிப்பு மின்தாக்கம் இதன் வழியே நலமான மறுபாதிக்கும் பரவுகிறது. நாளொன்றுக்குப் பலமுறை வலிப்பு வரும் குழந்தையில், நலமான பாதியின் வளர்ச்சியும் இதனால் தடைப்படுகிறது. நோயுற்ற பாதியை நீக்குவதன் நோக்கம் வலிப்பை நிறுத்துவது மட்டுமன்று. எஞ்சிய பாதியைக் காப்பதும் ஆகும்.

வரலாறு

1888 இல் செருமானிய உடலியங்கியலாளர் ஃபிரெடரிக் கோல்ட்ஸ் ஒரு நாயின் பெருமூளைப் பாதியை நீக்கி, அதன் பின்னரும் அது நடமாடியதைக் காட்டினார். மனிதரில் இதனைச் செய்தவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வால்ட்டர் டேண்டி. வல அரைக்கோளத்தில் பரவிய கிளையோமா என்னும் கட்டியை வேரோடு அகற்றும் நோக்கில் அவர் செய்த அறுவைகளை 1928 இல் வெளியிட்டார். ஆயினும் இவ்வகைக் கட்டியின் உயிரணுக்கள் கண்ணுக்குப் புலப்படும் எல்லையைக் கடந்து பரவக்கூடியவை ஆதலால், பாதி மூளையை நீக்கியும் கட்டி மீண்டும் தோன்றியது. கட்டிகளுக்கு இம்முறை கைவிடப்பட்டது.

1938 இல் கனடாவின் கென்னத் மெக்கென்சி வலிப்பு நோய்க்காக இதனைச் செய்தார். தென்னாப்பிரிக்க அறுவை மருத்துவர் ரோலண்ட் கிரைனோ, குழந்தைப் பருவத்திலேயே பக்கவாதமும் வலிப்பும் ஏற்பட்ட 12 பேரின் முடிவுகளை 1950 இல் வெளியிட்ட பின்னர் இது பல நாடுகளுக்கும் பரவியது.

1960களில் ஒரு பெரும் சிக்கல் வெளிப்பட்டது. வலிப்பு நின்று நலமாக இருந்த சிலர், பல ஆண்டுகள் கழித்து உடல்நலம் குன்றி இறந்தனர். மூளை இருந்த வெற்றிடத்தில் சிறுசிறு குருதிக்கசிவுகள் தொடர்ந்து ஏற்பட்டு, அவற்றின் இரும்புச் சத்து எஞ்சிய மூளையின் மேற்பரப்பில் படிந்ததும், மூளைத் தண்டுவட நீர் தேங்கியதும் இதற்குக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. இதனால் இச்சிகிச்சை அரிதாயிற்று.

இதற்குத் தீர்வு கண்டவர் கனடாவின் மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தின் தியோடர் ராஸ்முசென். 1970களில் அவர் அரைக்கோளத்தின் நடுப்பகுதியையும் பொட்டு மடலையும் மட்டும் நீக்கி, முன்பகுதியையும் பின்பகுதியையும் குருதி ஓட்டத்துடன் அங்கேயே விட்டு, அவற்றின் நரம்பிணைப்புகளை மட்டும் துண்டித்தார். உயிருடன் இருந்தாலும் அப்பகுதிகளால் வலிப்பை வெளியே அனுப்ப இயலாது. பெரிய வெற்றிடமும் ஏற்படாது. 1980களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஜான் ஃபிரீமனும் அறுவை மருத்துவர் பென் கார்சனும் குழந்தைகளுக்கு இச்சிகிச்சையை மீண்டும் பரவலாக்கினர். 1990களில் பிரான்சின் ஒலிவியே டெலலாண்ட், கனடாவின் ழான்-கை வில்முர் ஆகியோர் திசுவை மிகக் குறைவாக நீக்கித் துண்டிப்பை மட்டும் செய்யும் முறைகளை உருவாக்கினர். இன்று பெரும்பாலும் இத்தகைய முறைகளே பின்பற்றப்படுகின்றன.

இந்தியாவில் வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையின் தொடக்கம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியுடன் தொடர்புடையது. மொன்றியலில் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949 இல் அங்கு நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950களிலேயே அங்கு வலிப்புக்கான அறுவைகள் செய்யப்பட்டன.

யாருக்குச் செய்யப்படுகிறது

தகுந்த இரு மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிடில், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு எனக் கருதப்படுகிறது. அவற்றுள் பின்வரும் நிலைகளில் இச்சிகிச்சை கருதப்படலாம்:

* ராஸ்முசென் மூளையழற்சி - ஒரு பாதியைச் சிறிது சிறிதாக அழிக்கும் அழற்சி நோய்
* ஒருபக்க மூளைப் பெருக்கம் - கருவிலேயே ஒரு பாதி இயல்புக்கு மாறாகப் பெரிதாக வளர்தல்
* ஸ்டர்ஜ்-வெபர் நோய் - முகத்தில் செந்நிற மச்சமும், மூளை உறையில் இயல்பற்ற குருதிக் குழாய்களும் காணப்படுதல்
* பிறப்பை ஒட்டி ஏற்பட்ட மூளைக் குருதியடைப்பின் விளைவுகள்

வலிப்பு ஒரு பாதியிலிருந்து மட்டுமே தோன்றுகிறதா என்பது காணொளியுடன் கூடிய ஈ.ஈ.ஜி. பதிவாலும் எம்.ஆர்.ஐ. படத்தாலும் உறுதி செய்யப்படுகிறது.

காலம் பற்றிய முடிவு

குழந்தையின் மூளை, இழந்த செயல்களை வேறிடத்திற்கு மாற்றிக்கொள்ளும் திறன் உடையது. மிக இளம் வயதில் இடப்பாதி நீக்கப்பட்டால் மொழித்திறனை வலப்பாதி ஏற்றுக்கொள்ள இயலும். வயது ஏற ஏற இத்திறன் குறைகிறது.

ஆகவே முடிவெடுப்பது எளிதன்று. ராஸ்முசென் மூளையழற்சியின் தொடக்கத்தில் குழந்தை கையை ஓரளவு நன்றாகவே பயன்படுத்தும். அப்போது அறுவை செய்தால் அந்தத் திறன் உடனே போய்விடும். காத்திருந்தால் நோயே அதனைப் படிப்படியாகப் பறிக்கக்கூடும். இடைப்பட்ட காலத்தில் வலிப்பும் மருந்துகளும் கற்றலைப் பாதிக்கும். பிறவியிலேயே பக்கவாதம் உள்ள குழந்தைக்கு இழப்பு குறைவு என்பதால் முடிவு ஒப்பளவில் எளிதாகிறது.

கைக்குழந்தைகளில் மற்றோர் இடரும் உண்டு. குழந்தையின் உடலில் கிலோவுக்கு ஏறத்தாழ 80 மில்லிலீட்டர் குருதியே உள்ளது. 5 கிலோ எடையுள்ள குழந்தையின் மொத்தக் குருதி ஏறத்தாழ 400 மில்லிலீட்டர் ஆகும். எனவே சிறிய குருதியிழப்பும் ஆபத்தாகலாம்.

விளைவுகள்

பல மருத்துவமனைகளின் தொகுப்புகளில், ஏறத்தாழ 60 முதல் 80 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு வலிப்பு முற்றிலும் நின்றுள்ளது. ஒருபக்க மூளைப் பெருக்கத்தில் மறுபாதியும் முழு நலமாக இல்லாதிருக்கலாம் என்பதால், ஏனைய நோய்களைவிட அதில் பயன் குறைவாக இருக்கிறது.

இழப்புகள் முன்கூட்டியே அறியப்பட்டவை. எதிர்ப்பக்கக் கையின் விரல்களால் நுண்ணிய வேலைகளைச் செய்ய இயலாது. இரு கண்களிலும் பார்வைப் புலத்தின் ஒரே பக்கப் பாதி நிலையாக மறைகிறது. தலையைத் திருப்பிப் பார்க்கக் குழந்தைகள் பழகிக்கொள்கின்றனர். நடக்கும் திறன் பெரும்பாலும் திரும்புகிறது. அறுவைக்கு முன் நடந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இயன்முறைப் பயிற்சிக்குப் பின் மீண்டும் நடக்கின்றனர். சிலருக்குக் கணுக்கால் தாங்கி தேவைப்படுகிறது.

மூளைத் தண்டுவட நீர் தேங்குதல் முதன்மையான பின்விளைவாகும். இது பல ஆண்டுகள் கழித்தும் ஏற்படலாம். தலைவலி, வாந்தி, மிகுந்த தூக்கம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். தேங்கிய நீரை வயிற்றுக்குள் வடிக்கும் குழாய் பொருத்தி இது சரிசெய்யப்படுகிறது.

தவறான புரிதல்

பாதி மூளையுடன் சிலர் பள்ளிக்குச் சென்று பயில்வதைக் கொண்டு, மனிதர் மூளையின் ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்துகின்றனர் என்று கருதுவது தவறு. நலமான அரைக்கோளத்தை இழப்பது பெரும் இழப்பே. இக்குழந்தைகளில் நீக்கப்படுவது ஏற்கனவே பெரிதும் சிதைந்த, மறுபாதியையும் கெடுத்துக்கொண்டிருக்கும் பகுதியாகும்.