வளையும் சுரம்

அடுகோடியில் வாழும் தமிழ் இளைஞர் ஒருவர் மௌத் ஆர்கன் பயின்று, பெங்களூரின் ப்ளூஸ் இசைக்குழுவினரோடு மேடையேற விரும்பினால், இல்லத்தார் அதனை விளையாட்டென்று கருதக்கூடும். ஆயினும், அச்சிறு கருவிக்கு நீண்ட வரலாறு உண்டு, நேயர்களே!

காற்றில் அதிரும் உலோக நாக்குகளே அதன் உயிர். சீனத்து ‘ஷெங்’ என்னும் பழங்கருவியும் நாக்கின் அதிர்வால் ஒலிப்பதே. 1857-இல் ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் தொடங்கிய தொழில், மௌத் ஆர்கனை உலகெங்கும் பரப்பியது. நம் நாடக மேடைகளில் முழங்கிய ஆர்மோனியமும் அதே குலத்தது. அதன் சுரங்கள் அசையா, கமகம் அதில் பிறவாது என்று அறிஞர் குறை கூறினர். 1940-இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது.

அமெரிக்கக் கறுப்பின இசைஞரோ அக்குறையை மூச்சினாலேயே வென்றனர். காற்றை உள்ளிழுக்கையில் நாவின் நிலையை மாற்றி, சுரத்தை வளைத்துத் தாழ்த்தினர். லிட்டில் வால்ட்டர் 1952-இல் வெளியிட்ட ‘ஜூக்’ இசைத்தட்டு அக்கலையைப் புகழேணியில் ஏற்றியது.

ப்ளூஸ் அரங்கில் பன்னிரண்டு அளவுகள் கொண்ட சுற்று மீண்டும் மீண்டும் வரும். தம் முறை வரும்போது ஒருவர் விரித்து வாசிப்பார். பிறர் அடங்கித் துணைநிற்பர். தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த செவிக்கு இது அயலன்று. நாக்கு உலோகமாயினும், வளைப்பது வாசிப்பவரின் மூச்சே.