வழக்குக்கு முன் வழி அறிதல்

மட்டக்களப்பு வாவிக் கரையில் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆரையம்பதியும் காத்தான்குடியும் அயலூர்கள். மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடித்துவைக்கும் வழமை இரு சமூகத்தாருக்கும் பொதுவானது. ஆயினும் ஒரு குடும்பம் பிரியும் நிலைக்கு வந்துவிட்டால், இவ்விரு ஊரவரும் நாட வேண்டிய மன்றங்கள் வெவ்வேறானவை. இதனை அறியாது முதலடி எடுத்து வைப்பவர் காலத்தையும் பணத்தையும் மட்டுமன்றி, சில வேளைகளில் உரிமையையும் இழக்கின்றார்.

கிழக்கிலங்கைத் தமிழருக்குத் தேசவழமை ஏற்புடையதன்று. அது வட மாகாணத்துக்குரியது. இவர்களது விவாகரத்து வழக்கு பொதுச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் தொடரப்படும். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் அதற்கு மூன்று காரணங்களைக் கூறுகிறது: திருமணத்தின் பின்னரான பிறழ் உறவு, தீய நோக்குடன் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத மலட்டியலாமை. இருவரும் பிரியச் சம்மதித்தனர் என்பது அம்மூன்றில் ஒன்றன்று. காரணம் நிரூபிக்கப்பட்டாலும் முதலில் வழங்கப்படுவது இடைக்காலத் தீர்ப்பாணையே. குறைந்தது மூன்று மாதங்களின் பின்னரே அது முடிவானதாகும். அதற்கு முன் மறுமணம் செய்ய இயலாது.

மனைவிக்கும் பிள்ளைகளுக்குமான தாபரிப்புப் பணத்தை, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் கோரலாம். அதற்காக விவாகரத்து வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஏற்புடையது. தலாக், பஸ்ஹ், மஹர், மனைவி மக்களின் தாபரிப்பு ஆகியவை காதியின் முன் செல்ல வேண்டியவை. தலாக் கூற எண்ணும் கணவன், மனைவி வசிக்கும் பகுதியின் காதிக்கு முதலில் அறிவித்தல் வேண்டும். சமரசத்துக்கு முப்பது நாட்கள் இடமளிக்கப்படுகிறது. மனைவி கோரும் பஸ்ஹ் விசாரணையில் காதியுடன் மூன்று மதிப்பீட்டாளர்கள் அமர்வர். கோரும் மனைவி சாட்சிகளை முன்னிலைப்படுத்த வேண்டும்.

இங்கே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. காதி விசாரணையில் சட்டத்தரணி தோன்றி வாதிட முடியாது. தன் வழக்கைத் தானே சொல்ல வேண்டியிருப்பதால், முன்னறிவின் தேவை இங்கு இரட்டிப்பாகிறது. விசாரணைக்கு முன்னர் வெளியே சட்ட ஆலோசனை பெறுவதற்குத் தடையில்லை. தீர்ப்பில் குறையுண்டாயின் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் காலக்கெடு உள்ளமையால் தீர்ப்பின் உறுதிப்பிரதியைத் தாமதமின்றிப் பெறுதல் வேண்டும். பிள்ளைகளின் பாதுகாவல் காதியின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. அதற்கு முஸ்லிம்களும் மாவட்ட நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

இரு சமூகத்தாருக்கும் பொதுவான சட்டமும் ஒன்றுண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இன, மத வேறுபாடு பாராதது. துன்புறுத்தப்படுபவர் நேரடியாகவோ, அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். பாதுகாப்புக் கட்டளை பன்னிரண்டு மாதங்கள்வரை நடைமுறையிலிருக்கலாம். இதனைப் பெறுவதால் திருமணம் முறிந்துவிடாது. விவாகரத்துக் கோரவேண்டிய கட்டாயமும் இல்லை.

வழக்குக்கு முன் திரட்ட வேண்டியவை சிலவே: விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மருத்துவப் பதிவுகள், பணம் கொடுத்தமைக்கான சான்றுகள், வீட்டின் உறுதி. சீதன வீடு என்று ஊரறிந்திருத்தல் போதாது. உறுதி எவர் பெயரில் உள்ளது என்பதே மன்றத்தில் கேட்கப்படும். பெற்றோர் பெயரிலோ இருவர் பெயரிலோ இருந்தால் அதன் விளைவை முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

மத்தியஸ்தம் பேச வரும் உறவினரின் நல்லெண்ணத்தை மதிக்க வேண்டும். எனினும் வாசித்துப் புரியாத தாளிலோ வெற்றுத் தாளிலோ கையொப்பமிடலாகாது. கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால், விளங்காததை விளக்கும்படி கேட்க எவரும் கூச வேண்டியதில்லை. வசதியற்றோர் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்துவது பற்றிய விவாதம் நெடுங்காலமாகத் தொடர்கிறது. 2009இல் அமைக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை அளித்தது. ஆதலால் எவரும் பழைய கேள்வியறிவை நம்பாது, வழக்கிடும் நாளில் உள்ள சட்டத்தையே கேட்டறிதல் வேண்டும். குடும்பம் பிரிவது பெருந்துயரே. அறியாமையால் அத்துயருடன் பிள்ளையின் உணவும் தாயின் கூரையும் பறிபோகாமல் காப்பது நம் கையில் உள்ளது.