கடன் என்னும் சொல்லும் துண்டு என்னும் சீட்டும்

கடன் என்னும் சொல்லைத் தமிழர் இரு பொருளில் வழங்குவர். பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பணமும் கடன். எவர் கேளாவிடினும் செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். பதுளை, எல்ல, பண்டாரவளை மலைகளில் நம் முன்னோர் பட்ட பாட்டின் வரலாற்றில் பெரும்பகுதி, இவ்விரு பொருளையும் ஒன்றெனக் காட்டிய வரலாறேயாகும்.

கடமை என்பது காலத்துக்குக் காலம் மாறும் வழக்கந்தானா, அன்றி மனிதர் ஒப்பினும் ஒப்பாவிடினும் நிற்கும் அடிப்படை அதற்கு உண்டா என்று கல்லூரி விவாத மேடைகளில் அடிக்கடி வினவுகின்றோம். ஏதென்ஸ் நகரத்துச் சோக்கிரதர் காலந்தொட்டு வரும் வினா இது. அதை ஆராய்வதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை; நம் தோட்டங்களில் வழங்கிய துண்டு ஒன்றே போதும்.

துண்டு யாதென்பதை இளைஞரிற் பலர் அறியார். தென்னிந்தியாவிலிருந்து ஆள் திரட்டி வருவதற்குக் கங்காணிக்குத் தோட்டம் முன்பணம் கொடுத்தது. வழிச்செலவு, சோறு, துணி யாவும் தொழிலாளியின் பெயரில் பற்றெழுதப்பட்டன. அந்தக் கூட்டம் வேறொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகை செலுத்தினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை ஒரு சீட்டெழுதிக் கொடுப்பார். அதுவே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுத்துக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளும். அதன்மேல் புதிய முன்பணமும் ஏறும். தன் தலைமேல் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறதென்பது எழுத்தறியாத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் தெரியாது. முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டு அவன் நீங்கினாலோ, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வியாபாரி ஒப்பந்தத்தை முறித்தால் நட்டஈட்டு வழக்கு. தொழிலாளி முறித்தால் விலங்கு!

இங்கேதான் 'அறம் காலத்தின் பிள்ளை' என்போர் எழுகின்றனர். அக்காலத்து அளவுகோலுக்கு அது நியாயமே, இக்காலத்து அளவுகோலை அங்கே கொண்டுபோய் வைத்தல் தகாது என்பர். கேட்பதற்கு அடக்கமான வாதம். ஆயின் அது யாருடைய காலம்? துரைக்கும் அதே காலந்தான். இரவோடிரவாகப் பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு ஓடியவனுக்கும் அதே காலந்தான். பிடிபட்டால் சிறையென்று அறிந்தே ஓடினான். நான் மிஷன் பாடசாலையில் மனனம் செய்த பத்துக் கட்டளைகளை அவன் அறியான். பெரியோர் நமக்கு விளக்கும் வேதாந்தமும் அவன் கேட்டதன்று. தனக்கு இழைக்கப்படுவது அநீதி என்பதை அறிய அவனுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. சிவில் சேவையில் உயர்பதவி வகித்த சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அக்காலத்தவரே. அவர் 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் ஒன்றை நிறுவி, இத்தண்டனை முறைக்கு எதிராகக் குரல் எழுப்பினார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது. 1920இல் நியாயமாயிருந்த ஒன்று 1922இல் திடீரென அநியாயமாயிற்று என்று அறிவுடையோர் எவரேனும் கூறுவரா?

இதனினும் கடினமான வழக்கு ஒன்று உண்டு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரசின் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கு பிறந்தவனாயினும் அவன் தந்தையும் இங்கு பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். லயத்திற் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் ஏது? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பல ஆண்டு காத்திருந்து உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. சட்டம் செல்லும் என்று 1953இல் தீர்ப்பாயிற்று. ஒரு நாட்டின் சட்டமன்றம் தன் பிரசைகள் யாவரெனத் தீர்மானிக்கலாம் என்பது அங்கு கண்ட முடிவு. நீதியரசர் பிழை செய்தனர் என்று சட்டம் படிப்போர் எளிதிற் சொல்லிவிட இயலாது. அவர்கள்முன் வைக்கப்பட்டது சட்டவினா. அதற்கு விடை கூறினர். அவ்வளவே. சட்டம் செல்லுபடியாகும் என்றதும் வினா முடிந்துவிடுமானால், ஆணைக்கு அடங்கியே நடந்தோம் என்று நியூரம்பேர்க்கில் 1945-46இல் வாதாடியவர்களை எவரும் குற்றவாளிகள் என்றிருக்க முடியாது. (இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது மடமை; வாதத்தின் வடிவம் மட்டுமே ஒன்று.)

2003 ஒக்டோபரில் நம் பாராளுமன்றம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. இதை நாம் திருத்தம் என்கிறோம். வழக்கத்துக்கு மேல் ஒன்றுமில்லையாயின் 1948இன் சட்டமும் 2003இன் சட்டமும் இரு வேறு வழக்கங்கள். ஒன்றை மற்றதன் திருத்தமென அழைக்க இடமேயில்லை. இரண்டையும் அளக்கும் கோல் இரண்டுக்கும் புறத்தே இருத்தல் வேண்டும். அது ஈசன் ஆணையா, பகுத்தறிவா, மனித இயல்பா என்பதில் அறிஞர் மாறுபடலாம். கோல் உண்டு என்பதில் நான் ஐயுறவில்லை.

அந்தக் கோல் இன்னும் பலவற்றை அளக்கக் காத்திருக்கிறது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு என எழுதப்பட்டது. பிறந்த மண்ணை விட்டு இரயிலேறித் தலைமன்னார் வழியாகக் கப்பலிற் போனவர்களை எந்தச் சட்டமும் மீட்டுத் தரவில்லை.

நம் வீட்டுக் கணக்கும் உண்டு. துண்டுச் சீட்டில் ஒப்பமிட்டவர் வெள்ளைத்துரை. தலைக்கணக்கைப் பெருக்கி எழுதியவரிற் பலர் நம்மவர், நம் மொழி பேசியோர், நம் கோயிற் திருவிழாவை முன்னின்று நடத்தியோர். அதே கோயில்களிற் சாதியின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அதே தோட்டத்தில் அதே பிரட்டில் நின்றவர்களே. அப்பொழுதும் 'அது அக்காலத்து வழக்கம்' என்றே விடை கூறப்பட்டது. இவ்வாண்டு நம் சங்கக் கூட்டம் ஒன்றில் இதனையும் எடுத்துப் பேசலாம். பெரியோர் சிலருக்கு அந்நாட்கள் நன்றாக நினைவிருக்கும்.