இரட்டையரில் யார் கெட்டிக்காரன்? கிறிஸ்துமஸ் நகைச்சுவைப் படம் ‘நேட்டிவிட்டி 2’ எழுப்பும் வீட்டுக் கேள்வி

கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டப்புறங்களில் கிறிஸ்துமஸ் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும் உரிய நாளாக இருந்ததில்லை. லயத்து வீடுகள் ஒட்டி நின்ற காலத்தில், தீபாவளிக்கு ஒரு வாசலிலிருந்து முறுக்கும் அதிரசமும் போனால், டிசம்பரில் கேக்கும் பலகாரமும் அந்த வாசலுக்கே திரும்பி வரும். இன்று தோட்டத்தை விட்டு ரவாங், கிள்ளான், பூச்சோங் என்று பிரிந்துவிட்ட அண்ணன் தம்பிகள் மீண்டும் ஒரே கூரையின் கீழ் உட்காருவது பெரும்பாலும் இத்தகைய பெருநாள்களில்தான். கூடுகிற இடத்தில் சிரிப்பு இருக்கும். யார் பிள்ளை என்ன படிக்கிறான், யார் என்ன கார் வாங்கினான் என்ற பேச்சும் இருக்கும்.

அந்தப் பேச்சையே மையமாக வைத்து எடுக்கப்பட்ட ஒரு கிறிஸ்துமஸ் குடும்ப நகைச்சுவைப் படம் உண்டு. 2012ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான ‘நேட்டிவிட்டி 2’ அது. ‘தீவனத் தொட்டியில் ஆபத்து’ என்பது அதன் துணைத் தலைப்பின் பொருள். ஆண்டிறுதியில் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கக் கூடிய படங்களில் ஒன்று. ஆனால் பிள்ளைகளைவிடப் பெற்றோர் யோசிக்க வேண்டிய செய்தி அதில் அதிகம்.

படத்தின் பின்னணி

‘நேட்டிவிட்டி’ என்றால் இயேசு பிறப்பைக் குறிக்கும் சொல். ஆரம்பப் பள்ளி மாணவர்கள் மரியாளாகவும் சூசையாகவும் இடையர்களாகவும் வேடமிட்டுக் கிறிஸ்து பிறப்பு நாடகம் நடத்துவது பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம். அந்த வழக்கத்தை வைத்து இயக்குநர் டெபி ஐசிட் 2009இல் முதல் படத்தை எடுத்தார். கதை நடக்கும் இடம் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம். 1940 நவம்பர் 14ஆம் தேதி இரவு ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் அந்நகரின் பழைய பேராலயம் சிதைந்தது. இடிந்த சுவர்கள் இன்றும் நினைவுச் சின்னமாக நிற்கின்றன. முதல் படத்தின் இறுதிக் காட்சியில் பிள்ளைகள் நாடகம் போடுவது அந்த இடிபாடுகளுக்கு நடுவில்தான்.

முதல் படத்தில் மோதல் இரண்டு பழைய நண்பர்களுக்கு இடையே. ஒருவர் செயின்ட் பெர்னடெட் என்னும் சாதாரண கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியின் ஆசிரியர் மேடன்ஸ். மார்ட்டின் ஃப்ரீமன் அந்த வேடத்தில் நடித்தார். மற்றவர் ஓக்மூர் என்னும் வசதியான தனியார் பள்ளியின் ஆசிரியர் கோர்டன் ஷேக்ஸ்பியர். ஜேசன் வாட்கின்ஸ் நடித்த வேடம் இது. இரண்டாம் பாகத்தில் அந்தப் போட்டி வெளியிலிருந்து வீட்டுக்குள் வருகிறது. நண்பர்கள் இருந்த இடத்தில் இப்போது உடன்பிறந்தவர்கள் நிற்கிறார்கள்.

ஐசிட்டின் வேலைமுறை சற்று வித்தியாசமானது. வசனத்தை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பதில்லை. சூழ்நிலையைச் சொல்லி, நடிகர்களையும் பிள்ளைகளையும் தாங்களாகவே பேச விடுகிறார். அதனால்தான் பிள்ளைகள் நடிப்பது போலத் தெரியாமல், வகுப்பில் பேசுவது போலவே பேசுகிறார்கள்.

கதை என்ன?

மேடன்ஸ் ஆசிரியர் போய்விட்டார். அவர் வகுப்புக்குப் புதிதாக வருகிறார் டோனல்ட் பீட்டர்சன். பயந்த சுபாவம். தன் மீதே நம்பிக்கை இல்லாதவர். மனைவி சாரா கர்ப்பிணி. வகுப்பில் துணை ஆசிரியராக இருக்கும் பாப்பி, வயதில் பெரியவர், மனதில் பத்து வயதுப் பையன். மார்க் வூட்டன் ஏற்ற இந்த வேடத்துக்காகவே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு.

வேல்ஸ் நாட்டில் ஒரு கோட்டையில் பள்ளிகளுக்கான கிறிஸ்துமஸ் பாடல் போட்டி நடக்கிறது. அதில் கலந்துகொண்டே தீர வேண்டும் என்று பாப்பி பிள்ளைகளைக் கிளப்பிவிடுகிறார். தயங்கி நிற்கும் டோனல்டையும் இழுத்துக்கொண்டு வகுப்பே புறப்படுகிறது. வழி தவறுகிறது. மலை, ஆறு, காடு என்று அலைகிறார்கள். கூடவே ஒரு கைக்குழந்தையும் ஒரு கழுதையும்.

அதே போட்டிக்கு வருகிறார் ரோட்ரிக் பீட்டர்சன். உலகப் புகழ் பெற்ற இசையமைப்பாளர். பெயர்பெற்ற பள்ளி ஒன்றின் பாடகர் குழுவை நடத்துபவர். டோனல்டின் இரட்டைச் சகோதரர். ஒரே முகம், ஒரே பிறந்தநாள். வாழ்க்கை மட்டும் வேறு. இரு வேடத்திலும் நடித்தவர் டேவிட் டென்னன்ட். ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் வழி அறியப்பட்டவர். கூனிய தோளும் தடுமாறும் பேச்சும் ஒருவருக்கு, நிமிர்ந்த நடையும் அளந்த பேச்சும் மற்றவருக்கு என்று உடல்மொழியிலேயே இருவரையும் பிரித்துக் காட்டுகிறார்.

போட்டி எங்கே தொடங்குகிறது?

இந்தப் படத்தில் கவனிக்க வேண்டியவர் இரட்டையர் இருவருமல்ல, அவர்களின் தந்தை. ரோட்ரிக் வீட்டின் தங்கப் பிள்ளை. டோனல்ட் அவன் நிழலில் வளர்ந்தவன். டோனல்டின் பயம் பிறவிக் குணமன்று. எதைச் செய்தாலும் இன்னொருவனோடு அளந்து பார்க்கப்பட்ட பிள்ளைக்கு வரும் பயம் அது. போட்டிக்குப் போக அவர் தயங்குவதற்கும் காரணம் பாட்டோ மேடையோ அன்று. அங்கே அண்ணன் தம்பி இருவரையும் மறுபடி ஒரே தராசில் நிறுத்துவார்கள் என்பதுதான்.

ஜெயித்தவனும் நிம்மதியாக இல்லை. தங்கப் பிள்ளை என்ற பட்டத்தைக் காப்பாற்ற ரோட்ரிக் ஒவ்வொரு முறையும் முதலிடத்தில் நின்றாக வேண்டும். ஒப்பீடு தோற்றவனை மட்டும் காயப்படுத்துவதில்லை என்பதைப் படம் கலகலப்புக்கு நடுவே காட்டிவிடுகிறது.

தமிழ்ப் படங்களில் இரட்டையர்

இரட்டை வேடம் தமிழ் ரசிகர்களுக்குப் புதிதன்று. 1940இல் பி.யு. சின்னப்பா நடித்த ‘உத்தம புத்திரன்’ தமிழில் இரட்டை வேடத்துக்கு வழிகாட்டிய படம். 1958இல் அதே பெயரில் சிவாஜி கணேசன் நடித்தார். 1965இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வந்தது. அதே ஆண்டில் இரட்டைச் சிறுமிகளாகக் குட்டி பத்மினி நடித்த ‘குழந்தையும் தெய்வமும்’ வந்தது. 1989இல் கமல்ஹாசனின் ‘அபூர்வ சகோதரர்கள்’. தோட்டத் திடலில் திரை கட்டிப் படம் காட்டிய காலம் முதல் வீடியோ நாடா வாடகைக்கு எடுத்த காலம் வரை இவை நம் குடும்பங்களின் படங்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றில் இரட்டையர் குழந்தையிலேயே பிரிந்துவிடுவார்கள். ஒருவன் கோழை, ஒருவன் வீரன். அல்லது ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன். வேறு வேறு இடத்தில் வளர்ந்ததால் வேறாகிப் போனார்கள் என்று கதை காரணம் சொல்லிவிடும். ‘நேட்டிவிட்டி 2’ அந்த வசதியை எடுத்துக்கொள்ளவில்லை. இரட்டையர் பிரியவில்லை, தொலையவில்லை. அவர்களுக்குத் தகப்பன் ஒருவர்தான். அவரது பார்வைதான் இரண்டு.

பழைய கதை, புதிய மேடை

உடன்பிறந்தோர் போட்டி மனித குலத்துக்குப் பழைய செய்தி. விவிலியத்தின் தொடக்க நூலில் ஏசாவும் யாக்கோபும் இரட்டையர். தந்தைக்கு ஏசா மீது அன்பு, தாய்க்கு யாக்கோபு மீது அன்பு என்று அந்த நூலே சொல்லிவிடுகிறது. பிள்ளைகள் பகைப்பதற்கு முன்பே பெற்றோரின் அன்பு பங்கு பிரிந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து இருவரும் கட்டித் தழுவி அழுவதும் அதே நூலில் உண்டு.

முருகன் கோயிலுக்குப் போகும் பிள்ளைகள் அனைவருக்கும் ஞானப்பழக் கதை தெரியும். பழம் ஒன்று, பிள்ளைகள் இருவர். உலகைச் சுற்றி வந்தவனுக்கும் பழமில்லை. கோபித்துக்கொண்டு மலையேறினான். கதையின் தத்துவம் எதுவாக இருந்தாலும், வீட்டில் ஒரே பழத்தை வைத்துப் பந்தயம் நடத்தினால் ஒரு பிள்ளை வெளியேறும் என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

உளவியலாளர்களும் இதைப் பேசியிருக்கிறார்கள். புதுக் குழந்தை வந்ததும் மூத்த பிள்ளை தன் அரியணையை இழந்ததாக உணர்கிறது என்றார் ஆல்ஃபிரட் அட்லர். குழந்தை வளர்ப்பு நூல்கள் எழுதிய ஏடல் ஃபேபரும் இலேன் மஸ்லிஷும் 1987இல் உடன்பிறந்தோர் போட்டி பற்றி எழுதிய நூலில் முக்கியமாக வலியுறுத்துவது, பிள்ளைகளை ஒப்பிடாதிருப்பதைத்தான். திட்டுவதற்காக ஒப்பிடுவது மட்டுமன்று, பாராட்டுவதற்காக ஒப்பிடுவதும் கூடாது என்பது அவர்கள் கருத்து. ‘தம்பியைப் போல் இல்லாமல் நீ ஒழுங்கானவன்’ என்ற பாராட்டு, நாளை மாறிவிடும் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

தோட்டப்புற வீடுகளில்

வட சிலாங்கூரில் இந்தப் பேச்சுக்குத் தனி வரலாறு உண்டு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917இல் தொடங்கப்பட்டது கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உள்ளது அது. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் என்று சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன தாய் தந்தையருக்கு இருந்த கனவு ஒன்றுதான்: பிள்ளைகளில் ஒருவனாவது படித்து வெளியே போகட்டும்.

அந்த ‘ஒருவனாவது’ என்ற சொல்லில் தியாகமும் இருக்கிறது, ஒப்பீடும் இருக்கிறது. எல்லாரையும் படிக்க வைக்கக் கையில் காசு இல்லை. ஒருவன் மேல் பந்தயம் கட்டினார்கள். அவன் ஆசிரியரானான், மருத்துவரானான். அவனுக்காகப் பள்ளியைப் பாதியில் விட்டு வேலைக்குப் போன அக்காவும் தம்பியும் பல வீடுகளில் உண்டு. பெருநாளன்று எல்லாரும் கூடும்போது படித்தவனின் கதை மட்டும் சொல்லப்பட்டால், அவர்கள் டோனல்டைப் போலவே அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

பின்னர் தேர்வு முடிவுகள் வந்தன. 1988 முதல் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வில் ‘7ஏ’ என்ற சொல் தமிழ்க் குடும்பங்களின் அளவுகோலாகவே ஆகிப்போனது. அண்ணன் 7ஏ, தம்பி 3ஏ என்றால் அந்த இரண்டு எண்களே அவர்களின் பெயராகிவிடும். 2021இல் அரசாங்கம் அந்தத் தேர்வை நிறுத்தியது. தேர்வு போனது, ஒப்பிடும் பழக்கம் போகவில்லை. இப்போது அது வேறு எண்களைத் தேடுகிறது.

பள்ளிகளுக்கு இடையிலும்

படத்தில் இன்னொரு போட்டியும் உண்டு. செயின்ட் பெர்னடெட் சாதாரணப் பள்ளி. எதிரில் பணமும் பயிற்சியும் உள்ள பள்ளிகள். இந்த நிலை தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கு நன்கு தெரிந்தது. மக்கள் பட்டணம் போனதும் மாணவர் எண்ணிக்கை குறைந்தது. 150 பேருக்கும் குறைவாக இருந்தால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற வகையில் சேர்க்கப்படுகிறது. அத்தகைய பள்ளி போட்டி விளையாட்டுக்கோ கதை சொல்லும் போட்டிக்கோ பட்டணம் போகும்போது, பிள்ளைகள் முதலில் பார்ப்பது எதிரணியின் சீருடையை.

அந்தப் பிள்ளைகளுக்குப் படம் ஒரு தைரியம் தரும். பாட்டு கொஞ்சம் தப்பலாம், உடை பொருந்தாமல் போகலாம். ஒரு வகுப்பே ஒன்றாக மேடை ஏறுவது தனி வெற்றி. சின்னப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேடம் கிடைக்கும் என்பதும் உண்மைதான்.

பெற்றோர் கவனத்துக்கு

படம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். பிள்ளைகளோடு அச்சமின்றிப் பார்க்கலாம். ஆனால் பெற்றோரின் அனுமதி இல்லாமல் வகுப்பையே வெளியூருக்குக் கூட்டிப் போவது, ஆற்றிலும் மலையிலும் பாதுகாப்பின்றி இறங்குவது எல்லாம் திரையில் மட்டும் சிரிப்பு. சிறு பிள்ளைகளிடம் அதை எடுத்துச் சொல்வது நல்லது.

வெளியானபோது விமர்சகர்கள் பலர் இதைப் பாராட்டவில்லை. கதை சிதறுகிறது, கூச்சல் அதிகம் என்றார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் குடும்பங்கள் திரையரங்குக்கு வந்தன. 2014இல் மூன்றாம் பாகமும் 2018இல் நான்காம் பாகமும் வந்தன. 2017இல் முதல் கதை மேடை இசை நாடகமாகவும் ஆனது. நான்காம் பாகத்தில் பள்ளிக்கு வருபவர் பாப்பியின் தொலைந்துபோன சகோதரர். உடன்பிறப்பு என்ற இழையை இயக்குநர் கடைசி வரை விடவில்லை.

போட்டியில் யார் வென்றார்கள் என்பதைப் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். படம் முடிந்த பிறகு வீட்டில் பேசுவதற்கு ஒரு செய்தி மிஞ்சும். டோனல்டுக்குத் தேவைப்பட்டது கோப்பையன்று. அண்ணன் தம்பி என்ற கணக்கில்லாமல், அவனை அவனாகப் பார்த்துத் தகப்பன் சொல்லும் ஒரு நல்ல வார்த்தை. இந்தப் பெருநாளில் பிள்ளைகள் வரிசையாக வந்து காலைத் தொடும்போது, ஒவ்வொரு பிள்ளையிடமும் அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதற்கு எந்தச் செலவும் இல்லை.